கருப்புத் தோலில் விழுந்த மினுக்கு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆம்பூரில் எங்கள் கம்பெனியில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் என்னைப் பற்றி முதலில் அதைத்தான் சொல்வார்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். லில்லியா, அவள் வாயில் விழுந்து யார் எழுந்திருப்பது என்பார்கள். சொல்லட்டும். தோலைப் பார்த்து நல்லது கெட்டது பிரிக்கிற செக்கர் வேலைக்குச் சிரித்த முகம் தேவையில்லை, கண் இருந்தால் போதும். சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட கண்தான் எனக்கு. ஆனால் அந்தக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தோலுக்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோனால் குண்டூசி முனையளவு குறைகூட எனக்குத் தப்பாது.

எண்பத்து மூன்றாம் வருஷம் அது. எனக்கு முப்பத்தொரு வயது. ஃபினிஷிங் டிபார்ட்மெண்டில் பதினோரு பெண்களுக்கு நான்தான் பொறுப்பு. பதனிட்டு, சாயம் ஏற்றி வரும் தோலுக்குப் பூச்சு கொடுத்துப் பளபளப்பாக்குகிற இடம். பெண்கள் மெத்தென்ற துணி சுற்றிய கட்டையால் பூச்சைத் தேய்ப்பார்கள், பேடு அடிப்பது என்று அதற்குப் பெயர். கடைசிப் பூச்சை மட்டும் ரஷீத் அஹமது பாய் ஸ்பிரே கன்னால் அடிப்பார்.

அந்த வருஷம் பெண்கள் போடுகிற ஃபேன்சி செருப்புக்கு மினுங்குகிற தோல் வேண்டும் என்று வெளிநாட்டு ஆர்டர் வந்தது. பூச்சில் கலக்குவதற்கு மெட்ராஸிலிருந்து சின்னச் சின்ன டப்பாக்களில் ஒரு பவுடர் வந்து இறங்கியது. பேர்ல் பவுடர் என்றார்கள். டப்பாவில் பார்த்தால் வெறும் வெள்ளை மாவு. விரலில் தொட்டு வெளிச்சத்தில் திருப்பினால் இந்தப் பக்கம் ரோஸ், அந்தப் பக்கம் பச்சை.

பெண்கள் விடுவார்களா? முதல் டப்பாவைத் திறந்த அன்றைக்கே, சாப்பாட்டு நேரத்தில், மூடியில் ஒட்டியிருந்ததை ஒருத்தி விரலால் வழித்து இமை மேல் தடவிப் பார்த்தாள். அவள் பெயர் பூரணி. குடியாத்தத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற பெண், பத்தொன்பது வயது, வீட்டில் எல்லோருக்கும் லுங்கித் தறி வேலை. ஒரே வாரத்தில் பதினோரு பேரில் எட்டுப் பேர் இமை மினுமினுவென்று ஆகிவிட்டது. கண்ணை மூடி மூடித் திறந்து ஒருத்திக்கு ஒருத்தி காட்டிக்கொண்டு சிரிப்பு. ஜஹீருன்னிசா அக்கா என்னைவிட மூத்தவர், மூன்று பிள்ளை பெற்றவர். அவரும் சுர்மா மை போட்ட கண்ணுக்கு மேலே அதை வைத்துக்கொண்டு வந்து, "எப்டி கீறேன் லில்லி?" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காரணம் இல்லாமல் இல்லை. அதே கூடத்தில்தான் ஆண்கள் ஷூவுக்கான கருப்புத் தோலும் ஓடியது. கருப்பு என்றால் முகம் பார்க்கலாம், அப்படிக் கருப்பு. அதில் ஒரு பொட்டு மினுக்கு விழுந்தாலும் வாங்க வருகிறவன் தோலைத் திருப்பிப் போட்டுவிட்டுப் போவான். மேனேஜர் அப்துல் ஹமீத் சாரிடம் போய்ச் சொன்னேன். கம்பெனிப் பவுடரைக் கண்ணில் வைத்துக்கொண்டு வேலைக்கு வருகிறவள் மூன்றாவது முறை மாட்டினால் வீட்டுக்குப் போகலாம் என்று அவர் சட்டம் போட்டார். போட வைத்தது நான். அன்றிலிருந்து தினமும் காலையில் ஈர வெள்ளைத் துணியோடு கூடத்து வாசலில் நிற்பேன். ஒவ்வொருத்தி தாடையையும் பிடித்து நிமிர்த்தி, இமையைத் துடைத்து, துணியை வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

பூரணி இரண்டு முறை மாட்டினாள். இரண்டாவது முறை ஒரு வியாழக்கிழமை காலை. துணியில் லேசாக ரோஸ் பூத்தது.

"இன்னாடி இது?"

"நேத்து சாயங்காலம் வீட்டுக்குப் போம்போது வச்சதுக்கா. கழுவினேன், ஓரத்துல கொஞ்சம் ஒட்டிக்கினு கீது."

"மூஞ்சி கழுவத் தெரியாதா உனக்கு? உங்க ஊர்ல சோப்பே விக்கலியா?"

"அதுக்குன்னு இப்டியாக்கா அழுத்தித் தேப்பீங்க? கண்ணு எரியுது."

"எரியட்டும். இது ரெண்டு. இன்னொரு தபா பாத்தேன், உங்கம்மா தறியாண்ட போய் குந்திக்கோ."

அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு உள்ளே போனாள். ஜஹீருன்னிசா அக்கா என்னைப் பார்த்து, "பாவம், சின்னப் பொண்ணு, உடேன்" என்றார். நான் அவருடைய தாடையைப் பிடித்து நிமிர்த்தினேன்.

அன்று சாயங்காலம் நான் ஸ்டுடியோவுக்குப் போய்ப் போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. திருப்பத்தூரில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார், மனைவியை இழந்தவர், எங்கள் சபைக்காரர் ஒருவர் மூலம் வந்த சம்பந்தம். போட்டோ கேட்டிருந்தார்கள். அவருக்கு முன்னால் நாலு பேர் என்னை வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். நாலாவது மாப்பிள்ளையின் அம்மா எங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து, எங்கள் காபியையே குடித்துக்கொண்டு, "பொண்ணு நல்ல பொண்ணுதான், மொகத்துலதான் களை இல்ல" என்று என் அம்மாவிடம் சொன்னது திரைக்குப் பின்னால் நின்ற எனக்குக் கேட்டது. கையில் தட்டு இருந்தது. அந்தத் தட்டை அவள் தலையில் போட வேண்டும் என்று தோன்றியது, போடவில்லை. இரண்டு வருஷமாகியும் அந்தச் சொல் நெஞ்சை விட்டு இறங்கவில்லை. ஊரில் எல்லோர் முகத்திலும் இருக்கிற களை என் முகத்தில் மட்டும் ஏன் இல்லை? அதை எங்கே போய் வாங்குவது?

எங்கள் கம்பெனிக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. அதனால் வியாழன் சாயங்காலம் நாலரை மணிக்கெல்லாம் என் வேலை முடிந்துவிட்டது. கருப்பு லாட்டுக்கு, அதாவது ஒன்றாக அனுப்புகிற கருப்புத் தோல் மொத்தத்துக்கும், பெண்கள் பேடு அடித்து முடித்திருந்தார்கள், கடைசிப் பூச்சு சனிக்கிழமைதான் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். கை கழுவி, முகம் கழுவி, கொண்டுவந்திருந்த நீலப் புடவையை மாற்றினேன். பவுடர் அலமாரியின் சாவி என் இடுப்பில்தான் இருக்கும். ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன்.

விரலால் தொட்டேன். இரண்டு இமை மேலும் தடவினேன். பாதி கன்னத்தில் உதிர்ந்தது, தட்டிவிட்டேன். இன்னும் கொஞ்சம் தடவினேன். கண்ணாடியில் பார்த்தேன். நன்றாக இருந்தது. ஐயோ, எவ்வளவு நன்றாக இருந்தது! கண்ணைத் தாழ்த்தினால் பச்சை, கொஞ்சம் சாய்த்தால் ரோஸ். அந்த எட்டுப் பேரும் ஏன் அப்படிச் சிரித்தார்கள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மூக்குக் கண்ணாடியை மாட்டினேன். சோடாபுட்டிக்குப் பின்னால் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. ஸ்டுடியோவில் கழற்றிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

கதவு தட்டப்பட்டது. ரஷீத் பாய்.

"லில்லிம்மா, கருப்பு லாட்டுக்கு இன்னிக்கே ஸ்பிரே அடிச்சிட்டேன். ஈரம் காயறதுக்குள்ள ஒரு பார்வ பாத்துட்டுப் போய்டுங்க. நாளைக்கு லீவுல நல்லா காஞ்சிடும், சனிக்கெழம மெட்ராஸ் ஆளு வர்றாரு."

முகத்தைக் கழுவிவிட்டுப் போயிருக்க வேண்டும். கழுவினால் மறுபடி வைக்க நேரமில்லை, ஸ்டுடியோக்காரர் ஐந்தரைக்கு வரச் சொல்லியிருந்தார். இரண்டு நிமிஷ வேலை, இமையில் இருப்பது இமையில்தானே இருக்கும், எங்கே ஓடிவிடப் போகிறது என்று நினைத்தேன். நேராகக் கூடத்துக்குப் போனேன். பெண்கள் கிளம்பிவிட்டிருந்தார்கள். முப்பத்திரண்டு பலகையில் முப்பத்திரண்டு தோல், ஈரம் மின்ன விரித்திருந்தது. வழக்கம்போல மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றின் மேலும் குனிந்து, கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை, ஒரு திட்டு இல்லை.

"பாஸ், பாய்" என்றேன்.

"சரிம்மா" என்று ரஷீத் பாய் ஸ்பிரே கன்னைக் கழுவப் போனார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தக் கம்பெனியில் நான் சேர்ந்து பத்து வருஷமாகியும் யாரும் என் முகத்தைப் பார்த்ததில்லை. என் வாயைத்தான் பார்ப்பார்கள்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருந்த ஸ்டுடியோவுக்கு நடந்து போனேன். வழியெல்லாம் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேதான் போனேன். எதிரில் வருகிறவர்கள் எல்லாம் மங்கலாகத் தெரிந்தார்கள். யாரோ இரண்டு பேர் திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. தனியாக நடந்துகொண்டே சிரித்தேன்.

சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு அப்துல் ஹமீத் சார் கூடத்தின் நடுவில் நின்று கத்திக்கொண்டிருந்தார். அவர் கையில் ஒரு கருப்புத் தோல். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்தார். தட்டையாகக் கிடந்தபோது தெரியாத மினுக்கு, கருப்பின் மேல் பொட்டுப் பொட்டாகத் தெரிந்தது. ஒரு பக்கம் ரோஸ், ஒரு பக்கம் பச்சை. அடுத்த தோல், அதற்கடுத்த தோல், எல்லாவற்றிலும் நடு முதுகில், ஒருவர் குனிந்தால் முகம் வருகிற இடத்தில். பூச்சோடு சேர்ந்து காய்ந்துவிட்டது, துடைத்தாலும் போகாது. பார்த்த உடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

சார் முதலில் ரஷீத் பாயைப் பிடித்தார். "ஸ்பிரே கன்ன கழுவாம அடிச்சியா?"

ரஷீத் பாய் ஸ்பிரே கன்னைத் திருகு திருகாகக் கழற்றி மேசை மேல் வைத்தார். "ரெண்டு கன் வச்சிருக்கேன் சார். கருப்புக்கு ஒண்ணு, பேர்லுக்கு ஒண்ணு. இதுல ஒரு பொட்டு மினுக்கு காட்டுங்க, இன்னியோட நான் போய்ட்றேன்." வெள்ளைத் துணியை விட்டுத் துடைத்துக் காட்டினார். கருப்புதான் வந்தது.

சார் பெண்கள் பக்கம் திரும்பினார். "அப்போ பேடு அடிச்சவங்கதான். லில்லிம்மா, வியாழக்கெழம யார் கண்ணுல பவுடர் இருந்துச்சு?"

பதினோரு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறந்தேன். "காலைல பூரணி கண்ணுல இருந்துச்சு சார்" என்றேன்.

அது பொய்யில்லை. காலையில் அவள் கண்ணில் இருந்தது உண்மைதான். இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு அதற்குப் பிறகு நான் எத்தனை தடவை எனக்கு நானே வாதாடியிருக்கிறேன் என்று கணக்கில்லை.

"சார், காலைலயே அக்கா தொடச்சி உட்டுட்டாங்க சார்" என்றாள் பூரணி. "அப்பறம் நான் வைக்கவே இல்ல." மேலே ஏதோ சொல்ல வந்தவள் என்னைப் பார்த்தாள். நேராக என் கண்ணைப் பார்த்தாள். பிறகு வாயை மூடிக்கொண்டாள்.

"கம்பெனி பவுடர திருடி மூஞ்சில பூசறது, அப்பறம் லாட்ட பாழ் பண்றது. ஒரே பேஜாரா போச்சு உங்களோட. போம்மா, போ" என்றார் சார். அவள் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனாள். பதினோரு மணிக்கு மெட்ராஸ் ஆள் வந்து, முப்பத்திரண்டு தோலையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரம் முழுக்க எனக்குப் பூரணி மேல்தான் கோபம். ஆமாம், அவள் மேல். இவள் முதல் நாள் அந்தப் பவுடரைத் தொடாமல் இருந்திருந்தால் எனக்கு அது இமையில் வைக்கிற பொருள் என்றே தெரிந்திருக்காதே என்று கோபம். ஒன்றுமில்லாததற்கெல்லாம் எரிந்து விழுந்தேன். பேடு கட்டை கீழே விழுந்தால் கத்தினேன், தண்ணீர் குடிக்கப் போனால் கத்தினேன். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. முன்பெல்லாம் முதுகுக்குப் பின்னால் என்னைப் போல நடித்துக் காட்டிச் சிரிப்பார்கள். இப்போது அதுவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை போட்டோ வந்தது. கருப்பு வெள்ளைப் போட்டோ. ரோஸும் இல்லை, பச்சையும் இல்லை. இரண்டு இமையிலும் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. அம்மா அதைத் தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இன்னாடி, கண்ணுல சுண்ணாம்பு பட்டுச்சா?" என்றாள். இருந்தாலும் திருப்பத்தூருக்கு அனுப்பினாள். பதில் வரவே இல்லை. அதை விடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி ஆராதனை முடித்துவிட்டுத்தான் நான் வேலைக்குப் போவேன். அந்த ஞாயிறு ராப்போஜனம், அப்பமும் திராட்சரசமும் கொடுக்கிற நாள். வரிசை வரிசையாக எழுந்து முன்னால் போனார்கள். என் வரிசை எழுந்தபோது நான் எழவில்லை. அம்மா முழங்கையால் இடித்தாள். "ஒடம்பு சரியில்ல" என்றேன். உடம்பு நன்றாகத்தான் இருந்தது. ஒருத்தியின் வேலையைப் பிடுங்கிவிட்டு அந்த அப்பத்தை வாயில் வாங்க எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் திங்கட்கிழமை காலை, ஈரத் துணியோடு வாசலில் நின்றேன். ஜஹீருன்னிசா அக்கா முதலில் வந்தார். அவர் கண்ணில் சுர்மாகூட இல்லை. அவரைச் சுர்மா இல்லாமல் நான் பார்த்ததே கிடையாது, ஏதோ காய்ச்சலில் கிடந்து எழுந்த மாதிரி இருந்தார்.

"ஏங்க்கா, சுர்மாவ யாரு வேணான்னாங்க?"

"எதுக்கு வம்பு? நாளைக்கு அதுவும் தோல்ல உழுந்துச்சின்னு சொல்லுவே." தாடையைத் தானே நிமிர்த்திக் காட்டினார். "நேத்து பஸ் ஸ்டாண்டுல பூரணி அம்மாவ பாத்தேன். கெங்கம்மா. அந்தப் பொண்ணு ரெண்டு கம்பெனிக்குப் போய் கேட்டுச்சாம். ரெண்டு எடத்துலயும் உள்ளயே உடலயாம். பவுடர் திருடினவதானே நீன்னு கேட்டாங்களாம். இனி இந்தப் பக்கத்துல எவன் வேல குடுப்பான் அதுக்கு?"

எனக்கும் அது தெரியாததில்லை. ஆம்பூரில் ஒரு கம்பெனி ஒருத்தியை வெளியே அனுப்பினால் வாணியம்பாடி வரைக்கும் செய்தி போய்விடும். தெரிந்தேதான் ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். துணியை அங்கேயே போட்டுவிட்டு மேனேஜர் ரூமுக்குப் போனேன்.

"சார், கருப்பு லாட்ட கெடுத்தது பூரணி இல்ல. நான்தான்."

அப்துல் ஹமீத் சார் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "நீங்களா?"

"வியாழக்கெழம சாயங்காலம் நான் பவுடர் வச்சிக்கினு போய் லாட்ட பாத்தேன். என் கண்ணுலேந்துதான் உழுந்துச்சு."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, உண்மையாகவே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இந்தாம்மா, அந்தப் பொண்ணு மேல பரிதாபம்னா நேரா கேளுங்க, ஒரு மாசம் போவட்டும், பாக்கலாம். அதுக்குன்னு இப்டியா? நீங்க போய் கண்ணுல மினுக்கு... யார் நம்புவாங்க? உங்க மூஞ்சிக்கு..." அதோடு நிறுத்திக்கொண்டார்.

எனக்குத் தலைக்கு ஏறியது.

"என் மூஞ்சிக்கு இன்னா சார்?"

"அட, தப்பா எடுத்துக்காதீங்க லில்லிம்மா..."

"கொஞ்சம் கூடத்துக்கு வாங்க."

நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். அலமாரியைத் திறந்து டப்பாவை எடுத்தேன். ரஷீத் பாயைக் கூப்பிட்டு, கழிவுக்குப் போட்டிருந்த கருப்புத் தோல் ஒன்றில் ஒரு பூச்சு அடித்துத் தரச் சொன்னேன். என்னவோ ஏதோ என்று அவரும் அடித்துக் கொடுத்தார். பெண்கள் பத்துப் பேரும் கட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சுற்றி வந்து நின்றார்கள். அப்துல் ஹமீத் சாரும் வந்து நின்றார். அத்தனை பேர் நடுவில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினேன். பவுடரை விரலால் எடுத்து வலது இமையில் தடவினேன். இடது இமையில் தடவினேன். பூட்டிய பாத்ரூமுக்குள் எவ்வளவு அழகாக இருந்த காரியம்! பன்னிரண்டு பேர் எதிரில் அதைச் செய்ய எனக்குக் கூசியது. புடவையை அவிழ்த்துவிட்டு நிற்கிற மாதிரி இருந்தது.

பலகை மேல் குனிந்தேன். வழக்கமாகப் பார்க்கிற மாதிரி, கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி, தோலின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் பார்த்தேன். நிமிர்ந்தேன்.

அப்துல் ஹமீத் சார் பலகையைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். சாய்த்தார். ஒரு பக்கம் ரோஸ். இன்னொரு பக்கம் சாய்த்தார். பச்சை. நடு முதுகில் பொட்டுப் பொட்டாக.

"யா அல்லா" என்றார் ரஷீத் பாய் மெதுவாக.

ஜஹீருன்னிசா அக்கா என் முகத்துக்குப் பக்கத்தில் வந்து உற்றுப் பார்த்தார். "ஏன் லில்லி, எண்ண தடவலியா நீ?"

"எண்ணயா?"

"மொதல்ல தேங்கா எண்ண ஒரு சொட்டு தொட்டு எமையில தடவணும். அதுக்கு மேலதான் பவுடர் வைக்கணும். அப்பதான் ஒட்டும். எண்ண இல்லாம வெறும் பவுடர வச்சா மாவு மாதிரி கொட்டாதா?" பின்னால் நின்ற பெண்களைப் பார்த்தார். "நாங்க எல்லாரும் எண்ண தடவித்தான் வைப்போம். பூரணிதான் சொல்லிக் குடுத்தா. அதனாலதான் அவளுக்கு நீ எவ்ளோ தேச்சாலும் போவாது."

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். பிறகு இன்னொருத்தி. எனக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. எட்டுப் பேர் என் கண் முன்னாலேயே வைத்துக்கொண்டிருந்தார்கள். எப்படி வைக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். நான் துடைக்க மட்டும்தான் அவர்கள் பக்கத்தில் போனேன்.

அப்துல் ஹமீத் சார் பலகையைக் கீழே வைத்தார். அவர் முகம் என்னவோ போல் ஆகிவிட்டிருந்தது. "அந்தப் பொண்ண நாளைக்கே வரச் சொல்லுங்க. வேற கம்பெனிக்காரங்களாண்ட நான் பேசறேன்" என்றார். பிறகு என்னைப் பார்க்காமல், "செக்கிங்க ரஷீத் பாத்துக்கட்டும். நீங்க பேடு மேசைக்குப் போய்டுங்க லில்லிம்மா" என்றார்.

"சரி சார்" என்றேன். அலமாரிச் சாவியை இடுப்பிலிருந்து எடுத்து ரஷீத் பாயிடம் கொடுத்தேன். அவர் வாங்கத் தயங்கினார். "பிடிங்க பாய்" என்று அவர் கையில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனேன்.

சாயங்காலம் கம்பெனி விட்டதும் குடியாத்தம் பஸ் ஏறினேன். கெங்கம்மாள் வீடு என்று கேட்டதும் கூட்டிக்கொண்டுபோய் விட்டார்கள். தெரு முழுக்கத் தறிச் சத்தம். முன் அறையில் தறி, அதற்குப் பக்கத்தில் பூரணி தரையில் உட்கார்ந்து ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். கெங்கம்மாள் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, வா என்றும் சொல்லாமல், போ என்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். பூரணி ராட்டையை நிறுத்தவில்லை.

நின்றுகொண்டே சொன்னேன். பவுடர் வைத்தது, குனிந்தது, வாயை மூடிக்கொண்டது, காலையில் கூடத்தில் செய்தது, எல்லாவற்றையும் சொன்னேன். நாளைக்கே வரச் சொன்னார்கள் என்றும் சொன்னேன்.

"தெரியும்" என்றாள்.

"வரச் சொன்னதா? அதுக்குள்ள யார் சொன்னது?"

"அது இல்ல. நீங்கதான்னு தெரியும்." ராட்டை நின்றது. "ஸ்டுடியோக்கு எதிர்த்தாப்லதான் எங்க பஸ்ஸு நிக்கும். வியாழக்கெழம பஸ்ஸுல குந்திக்கினு பாத்தேன். கண்ணாடிய கையில வச்சிக்கினு, கண்ணெல்லாம் மினுமினுன்னு, நீங்க பாட்டுக்கு சிரிச்சிக்கினே வந்தீங்க. மொதல்ல யாரோன்னு நெனச்சேன். எங்க லில்லிக்காவான்னு எழுந்து நின்னு பாத்தேன். நல்லா இருந்தீங்க."

"அப்போ சனிக்கெழம ஏன் சொல்லல?" என்றேன்.

"சொல்லத்தான் வாயத் தொறந்தேன். உங்க மொகத்த பாத்தேன். அழுவுற மாதிரி இருந்தீங்க. சரி, அக்காவே சொல்லப் போறாங்க, நாம எதுக்கு எல்லார் எதுர்லயும் போட்டு ஒடைக்கணும்னு சும்மா இருந்தேன். நீங்க சொல்லல." அவள் கையில் நூல் அறுந்தது. "அன்னிக்கி வீட்டுக்கு வந்து, நாளைக்கு ஆள் அனுப்புவாங்க பாருன்னு எங்கம்மாவாண்ட சொன்னேன். அடுத்த நாளும் சொன்னேன். ரெண்டு கம்பெனியில திருடின்னு சொல்லி தொரத்தினப்பறமும் சொன்னேன். பைத்தியம் மாதிரி தெனம் வாசல பாத்துக்கினு குந்தினு இருந்தேன். ஒம்போது நாளுக்கா."

நான் அந்தத் தரையிலேயே உட்கார்ந்தேன். "தப்பு பண்ணிட்டேன் பூரணி. மன்னிச்சிக்கோ" என்றேன். கம்பெனியில் யாரிடமும் நான் சொல்லியிராத வார்த்தை. சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவளும் அழுதாள். ஆனால் என் பக்கத்தில் வரவில்லை.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கு வர்றேன்" என்றாள். "வேல வேணும், வந்துதான் ஆவணும். நீங்க எந்த மேசை இப்போ?"

"பேடு மேசைதான். உன் மேசை."

"என் பக்கத்துல நிக்காதீங்க."

"சரி."

"கொஞ்ச நாளைக்கிதான்."

"எவ்ளோ நாளைக்கி?" என்று கேட்டேன்.

அவள் அறுந்திருந்த நூலை விரலில் பிடித்து முடிச்சுப் போட்டாள். "ஒம்போது நாளைக்கி" என்றாள். "அப்பறம் பாக்கலாம்."